கார்டு பாக்கியா, கடைசிக் காலச் சேமிப்பா?

வாசகர் கேள்வி - பதில்

கிரெடிட் கார்டு பாக்கியையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் ஒரே சம்பளத்தில் சமாளிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குகள் எல்லாவற்றிலும் கார்டு வட்டி மாதம் 3.6% என்று வைத்திருக்கிறோம். உங்கள் கார்டில் அது 3.5 ஆகவோ 3.75 ஆகவோ இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயது 38. தனியார் நிறுவன வேலை, கைக்கு வருவது 52,000. கார்டில் 1,80,000 பாக்கி. மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) 9,000 ரூபாயை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர முதலீடு) 5,000, பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) 3,000 போகிறது. இரண்டையும் நிறுத்தி கார்டை அடைக்கச் சொல்கிறார் மைத்துனர். வயதான காலத்துக்கு வைத்ததில் கைவைக்கக் கூடாது என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், அம்பத்தூர்

முதலில் அந்த 9,000 எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். 1,80,000க்கு மாத வட்டி 6,480. கார்டு வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது 1,166. இரண்டும் சேர்ந்து 7,646. நீங்கள் கட்டும் 9,000இல் அசலில் கழிவது 1,354 ரூபாய்தான். ஆண்டுக் கணக்கில் இது சுமார் 51% வட்டி. கந்துவட்டிக்காரர் கேட்டால் சண்டைக்குப் போவோம். கார்டில் என்றால் மாதாமாதம் கட்டிவிட்டு 'நான் தவறவே இல்லை' என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

பாக்கி குறையக் குறைய மினிமம் தொகையும் குறையும் என்பதுதான் பொறி. ஸ்டேட்மென்ட் காட்டும் 5%ஐ மட்டும் கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும், பாக்கி பாதியாவதற்கே ஆறு ஆண்டு ஆகிவிடும். ஸ்டேட்மென்ட் என்ன சொன்னாலும் 9,000தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் 46 மாதத்தில் முடியும்; வட்டியாகவும் வரியாகவும் சுமார் 2,30,000 போயிருக்கும். மைத்துனர் சொல்கிறபடி எஸ்.ஐ.பி., பி.பி.எஃப். இரண்டையும் நிறுத்தி மாதம் 17,000 கட்டினால் 15 மாதத்தில் முடியும். வட்டி சுமார் 64,000.

எஸ்.ஐ.பி.யை விடாமல் போடுவதால் என்ன லாபம் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? மாதம் 5,000 வீதம் ஓராண்டு போட்டு, ஃபண்டு 12% கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 3,400. அதே 5,000ஐ மாதாமாதம் கார்டில் கட்டியிருந்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 16,200. ஆகவே இந்த வட்டியிலேயே பாக்கி கிடக்குமானால் மைத்துனர் சொல்வதுதான் சரி.

ஆனால் அந்த வட்டியிலேயே அது ஏன் கிடக்க வேண்டும்? இந்தக் கேள்வியை இருவருமே கேட்கவில்லை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 1,80,000 தனிநபர் கடன், 14% வட்டி, 24 மாதம் என்றால் இ.எம்.ஐ. 8,642. இப்போது மினிமம் டியூவுக்குக் கொடுக்கும் 9,000ஐ விடக் குறைவு! மொத்த வட்டி சுமார் 27,400. பரிசீலனைக் கட்டணம் 2% என்றால் அது 3,600, அதற்கு ஜி.எஸ்.டி. 648. தனிநபர் கடனின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார்டு வட்டிக்கும், கார்டு பாக்கியையே இ.எம்.ஐ. ஆக்கினால் அந்த வட்டிக்கும் உண்டு. 'உங்கள் பாக்கியை எளிய தவணைகளாக மாற்றுங்கள்' என்று கார்டு நிறுவனத்திலிருந்து 15% வட்டிக்கு அழைப்பு வந்தால், வரியோடு சேர்த்து அதை 17.7% என்றுதான் ஒப்பிட வேண்டும்.

வங்கி மறுத்தால் அடுத்து நகைக்கடன், எல்.ஐ.சி. பாலிசிமேல் கடன், அலுவலகத்தில் இருந்தால் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பக்கம் போக வேண்டாம்.

கடனை மாற்றிவிட்டால் எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை. அந்த அளவில் மனைவி சொன்னதும் நடக்கிறது. பி.பி.எஃப்.பில் மட்டும் எங்கள் கருத்து வேறு: நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் அதில் போடும் பணத்துக்கு வரிக்கழிவு இல்லை, கிடைப்பது 7.1%. கணக்கு உயிரோடு இருக்க ஆண்டுக்கு 500 ரூபாய் போதும். மீதியைக் கடன் முடியும்வரை வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பில்) போடுங்கள். கையில் அவசரத்துக்குப் பணம் இல்லாததால்தான் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கார்டைத் தேய்க்க நேர்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் கடனை மட்டும் அடைத்தால் மறுபடி நிரம்பிவிடும்.

நாம் அஞ்சுவதும் அதைத்தான். தனிநபர் கடன் வந்து கார்டு காலியானதும் 1,80,000க்கு லிமிட் திறந்து கிடக்கும். தீபாவளி, ஒரு கல்யாணம், வீட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று ஓராண்டில் இ.எம்.ஐ.யும் ஓடும், கார்டும் நிறைந்திருக்கும். கடன் தொகை கணக்கில் ஏறிய அன்றே கார்டை முழுதாக அடைத்துவிட்டு, லிமிட்டை 40,000, 50,000 அளவுக்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். செயலியில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வைக்கும் வசதி எல்லாக் கார்டிலும் உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள்.

எந்தக் கடனுமே கிடைக்கவில்லை என்றால் மைத்துனர் வழிதான். 15 மாதத்தில் நீங்கள் போடாமல் விட்ட சேமிப்பு 1,20,000. கடன் முடிந்த மாதத்திலிருந்து பழைய 8,000க்குப் பதிலாக அந்த 17,000ஐ அப்படியே சேமிப்புக்குத் திருப்பினால், விட்டுப்போனதை அடுத்த 14 மாதத்தில் எட்டிப் பிடித்துவிடலாம். 'அப்படியே திருப்பினால்' என்பதுதான் முக்கியம். ஒரு மாதம் கையில் தங்கவிட்டாலும் செலவு அதற்கேற்ப வளர்ந்துவிடும்.

ஏற்கெனவே போட்ட மியூச்சுவல் ஃபண்டு யூனிட்கள் 90,000 ரூபாய்க்கு இருக்கின்றன. விற்று கார்டை அடைக்கலாமா? நஷ்டமாகாதா?
- திண்டுக்கல் வாசகர்

விற்கலாம். ஓராண்டு கடந்த ஈக்விட்டி ஃபண்டு யூனிட்களின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 வரை வரி இல்லை, அதற்குமேல்தான் 12.5%. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20% வரி, பல ஃபண்டுகளில் 1% வெளியேறும் கட்டணமும் இருக்கும். அதையெல்லாம் கொடுத்தாலும் 51% வட்டிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஓராண்டு கடந்தவற்றை முதலில் விற்றுக்கொள்ளுங்கள். ஈ.எல்.எஸ்.எஸ். (வரிச் சேமிப்பு ஃபண்டு) வகை என்றால் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று ஆண்டு பூட்டு. அது திறந்த பிறகே எடுக்க முடியும்.

போன மாத பில் 40,000. கையில் இருந்த 38,000ஐ கெடு நாளிலேயே கட்டிவிட்டேன். இரண்டாயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இந்த மாத பில்லில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வட்டி போட்டிருக்கிறார்கள். கணினிப் பிழையா?
- ஈரோடு வாசகர்

பிழை இல்லை. வட்டியில்லாக் காலம் என்பது முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டுமான சலுகை. ஒரு ரூபாய் குறைந்தாலும் அது ரத்தாகி, பொருள் வாங்கிய தேதியிலிருந்து தினக்கணக்கில் வட்டி ஓடத் தொடங்கிவிடும். விட்டுவைத்த 2,000க்கு மட்டும் வட்டி வரும் என்று நினைப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஜூன் 5 அன்று 40,000க்குப் பொருள் வாங்கினீர்கள், ஜூன் 20 பில் தேதி, ஜூலை 10 கெடு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5 முதல் ஜூலை 10 வரை 35 நாள், முழு 40,000க்கு, ஆண்டு 43.2% வீதம்: 1,657 ரூபாய். கட்டியபின் மிஞ்சிய 2,000க்கு ஜூலை 20 பில் தேதிவரை 10 நாள்: 24 ரூபாய். கூட்டினால் 1,681. ஜி.எஸ்.டி. 302. மொத்தம் 1,983. இரண்டாயிரத்தைக் கட்டாமல் விட்டதற்கு ஏறக்குறைய இன்னொரு இரண்டாயிரம்.

இன்னொன்றும் உண்டு. பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் காய்கறிக்கும் பெட்ரோலுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. எனவே பாக்கி உள்ள கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். கார்டில் ரொக்கம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அதற்கு வட்டியில்லாக் காலம் எப்போதுமே கிடையாது, எடுக்கும்போதே தனிக் கட்டணமும் பிடிப்பார்கள்.

வயது 45, தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு கார்டிலும் சேர்த்து 2,40,000 கடன். பி.எஃப்.பில் 6,00,000 இருக்கிறது. அதில் எடுத்து அடைத்துவிட்டால் நிம்மதி. மருத்துவச் செலவு என்று போட்டால் உடனே வந்துவிடும் என்கிறார்கள் சக ஆசிரியைகள்.
- சேலம் வாசகி

மருத்துவம் என்று பொய்க்காரணம் போடாதீர்கள். ஆவணம் கேட்காமலே பணம் வந்துவிடுவதால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம். சொன்ன காரணம் தவறு என்று தெரிந்தால் எடுத்த தொகையைத் திரும்ப வசூலிக்க பி.எஃப். அமைப்புக்கு அதிகாரம் உண்டு. 2025இல் அந்த அமைப்பே இதை வெளிப்படையாக எச்சரித்தது. இடையில் எடுப்பதற்கான 13 பிரிவுகளை மூன்றாகச் சுருக்குவது, சிறப்புச் சூழ்நிலை என்ற பிரிவில் காரணம் கேட்காமலே தருவது, ஆனால் 25%ஐக் கணக்கிலேயே எப்போதும் வைத்திருக்கச் செய்வது என்று 2025 அக்டோபர் 13 அன்று அதன் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் எந்தப் பிரிவு திறந்திருக்கிறதோ அதை உண்மையான காரணத்தோடுதான் பயன்படுத்த வேண்டும்.

எடுக்க முடியும் என்றாலும் எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. பி.எஃப். வட்டி 2024-25க்கு 8.25%. அந்த வீதம் நீடித்தால் இன்றைய 2,40,000 உங்கள் 60 வயதில் சுமார் 7,88,000. இதை கார்டின் 51%உடன் ஒப்பிட்டால், எடுத்து அடைப்பதே லாபம் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒப்பிட வேண்டியது கார்டோடு இல்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான கடனோடு. வங்கி நகைக்கடன் 9.5% என்று வைத்துக்கொண்டால் 2,40,000க்கு ஆண்டு வட்டி 22,800. பி.எஃப். அங்கேயே இருந்து சம்பாதிக்கும் 19,800ஐக் கழித்தால், நகையை வைப்பதால் உங்களுக்குக் கூடுதல் செலவு ஆண்டுக்கு 3,000தான். பி.எஃப்.பிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைப்பவர் யாரும் இல்லை. அடகு வைத்த வளையலை மீட்காமல் யாரும் தூங்குவதில்லை. அந்த வித்தியாசத்துக்கு 3,000 கொடுக்கலாம்.

பி.எஃப்.புக்கு வேறொரு பலமும் உண்டு: கடன்காரர் யாரும் நீதிமன்றம் போனாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. பாதுகாப்பான அந்தப் பணத்தை எடுத்து, பிணை எதுவும் இல்லாத கார்டு கடனுக்குக் கொடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

நகைக்கடனில் கவனிக்க வேண்டியவை. பெரும்பாலும் 12 மாதத்தில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகையில்தான் தருவார்கள். 12ஆம் மாதம் 2,62,800 எங்கிருந்து வரும் என்று இன்றே யோசிக்க வேண்டும். வாங்கும்போதே மாதத் தவணை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இடையிடையே அசலில் பகுதி கட்ட அனுமதி உண்டா என்று கேட்டு, மாதம் 15,000 கட்டிவாருங்கள். ஓராண்டு முடிவில் மீதமிருக்கும் சுமார் 75,000க்கு மட்டும் மறு அடகு வைத்தால் போதும். நகையில் பாதிக்குமேல் வீட்டுக்கு வந்திருக்கும். எடை, கல் கழிவு, மாற்று எல்லாம் எழுதிய அடகுச் சீட்டை வாங்கி, நகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடகுக் கடைக்குப் போவதற்கு முன் தேசிய வங்கி, கூட்டுறவு வங்கி இரண்டிலும் வட்டி கேளுங்கள்.

பி.எஃப்.பில் கட்டாயமான 12%க்கு மேல் நீங்களாகக் கூடுதலாகப் போடும் வி.பி.எஃப். இருந்தால் அதை நிறுத்தி கடனுக்குத் திருப்பலாம். பல நிர்வாகங்கள் ஏப்ரலில்தான் மாற்ற விடுகின்றன. அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிர்வாகமும் தன் பங்கைப் போடுகிற அந்த 12%ஐ எந்தக் கடன் வந்தாலும் குறைக்க நினைக்காதீர்கள்.

வரியை மிச்சப்படுத்த மார்ச்சுக்குள் என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000 போடச் சொல்கிறார் முகவர். கார்டில் 70,000 பாக்கி இருக்கிறது.
- திருச்சி வாசகர்

பழைய வரிமுறையில் இருந்து 20% வரி அடுக்கில் வந்தால், அந்த 50,000க்கு மிச்சமாகும் வரி செஸ் சேர்த்து 10,400. அதே 50,000ஐ கார்டில் கட்டாமல் ஓராண்டு விட்டால் வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சுமார் 25,500. புதிய வரிமுறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது. நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ்.ஸில் போடும் தொகைக்கு மட்டும் அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. நிறுவனத்தில் அந்த ஏற்பாடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். முகவரிடம் அடுத்த மார்ச்சில் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம்.

ஆண்டுக்கு 30%க்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
- நாகர்கோவில் வாசகர்

இருந்தது. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த ஃபார்வர்டை நம்பி வங்கியோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

வயது 52. நான்கு மாதமாக வேலை இல்லை. கார்டில் 1,60,000. மூன்று மாதமாகக் கட்டவில்லை. 90,000 கட்டினால் முடித்துத் தருகிறோம் என்று ஒருவர் தினமும் அழைக்கிறார். பி.பி.எஃப்.பில் 11,00,000 இருக்கிறது, 2028இல் முதிர்வு. எடுத்துக் கட்டிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

அவசரப்படாதீர்கள். வேலை இல்லாத வீட்டில் முதல் செலவு கார்டு கிடையாது. வாடகை, மளிகை, மருந்து, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் பணம் கையில் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஏழாவது நிதியாண்டிலிருந்து பி.பி.எஃப்.பில் ஆண்டுக்கு ஒருமுறை பகுதித் தொகை எடுக்கலாம்: நான்காண்டுகளுக்கு முந்தைய இருப்பு, சென்ற ஆண்டு இறுதி இருப்பு, இவற்றில் எது குறைவோ அதில் பாதிவரை. காரணம் கேட்கமாட்டார்கள், வரியும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால், கார்டுக்கு என்று எடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் வீட்டுச் செலவுக்குத் தேவைப்பட்டால் திரும்பப் போக முடியாது. பி.பி.எஃப்.பையும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. அழைப்பவர் என்ன மிரட்டினாலும் இதை நினைவில் வையுங்கள்.

அழைப்பவரோடு பேரம் பேச வேண்டாம். வங்கிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள்: வேலை போன தேதி, அதற்கான கடிதம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று. வட்டியை நிறுத்தி அசலைத் தவணைகளாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். அது கிடைத்தால் 90,000 பேச்சைவிட நல்லது. ஏனென்றால் குறைத்துக் கட்டி முடிக்கும் கணக்கு சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) 'குளோஸ்டு' என்று வராது. 'செட்டில்டு' என்று வரும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். இனி வீட்டுக் கடன், பிள்ளை கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று எதுவும் இருந்தால் அது குறுக்கே நிற்கும். எதுவும் இல்லை, வேலை கிடைக்கவும் நாளாகும் என்றால் செட்டில்மென்ட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அதை ஒரு அவமானமாக நினைத்து, கடைசிக் காலப் பணத்தைக் கரைத்து முழுதும் கட்டும் ஆட்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

செட்டில்மென்ட் என்றால் வங்கியின் முகப்புத் தாளில் கடிதம் வேண்டும். கார்டின் கடைசி நான்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, அதன்பின் பாக்கி இல்லை என்ற வாசகம், இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். கடிதம் வராமல் ஒரு பைசா கட்டாதீர்கள். கட்டும்போதும் கார்டு கணக்குக்கே நேரடியாக. முகவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு ஒருபோதும் வேண்டாம். பணம் கட்டிய பிறகு பாக்கியில்லாச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ஆர்.பி.ஐ. விதி. உறவினரை, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் பேசுவதும் கூடாது. அழைப்பு நேரங்களைக் குறித்து வைத்து முதலில் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ஆர்.பி.ஐ. குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448.

மூன்று கார்டு: 22,000, 48,000, 95,000. எதை முதலில் அடைப்பது?
- காஞ்சிபுரம் வாசகி

வட்டி வீதம் எதில் அதிகமோ அதை முதலில் என்பது பாடம். நம்மூர்க் கார்டுகளில் வீதங்கள் பெரும்பாலும் 3.5க்கும் 3.75க்கும் இடையிலேயே இருப்பதால், அந்த வரிசைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 22,000ஐ முதலில் முடியுங்கள். ஒரு கெடு தேதி குறையும். மூன்று தேதிகளில் ஒன்றை மறந்து தாமதக் கட்டணம் கட்டும் வாய்ப்பும் குறையும். அதற்குக் கட்டிவந்த தொகையை அப்படியே 48,000க்குச் சேர்த்துக் கட்டுங்கள். மூன்றின் கெடுவும் வெவ்வேறு வாரத்தில் வந்து தொல்லை தந்தால் பில் சுழற்சித் தேதியை மாற்றித் தரக் கேட்கலாம். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்பது விதி.

20 மாதச் சீட்டில் இருக்கிறேன். தள்ளி (ஏலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து) எடுத்து கார்டை அடைக்கலாமா?
- கரூர் வாசகர்

பதிவு பெற்ற சீட்டா என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் எடுத்துவிடுவதே நல்லது, உள்ளே போட்டதாவது கைக்கு வரும். பதிவு பெற்றது என்றால் எத்தனையாவது மாதம் என்று பாருங்கள். பாதி தாண்டியிருந்தால் தள்ளு குறைவாக இருக்கும், எடுக்கலாம். ஆரம்ப மாதங்களில் போட்டி ஏலத்தில் 30% வரை தள்ளி எடுப்பது கார்டு வட்டியோடு ஒப்பிட்டாலும் யோசிக்க வேண்டிய விலை. எடுத்த பிறகும் மீதித் தவணை ஓடும், ஜாமீன் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஒருவழியாக அடைத்துவிட்டேன். கார்டை மூடிவிடட்டுமா? விட்ட எஸ்.ஐ.பி.யை எந்தத் தேதிக்கு வைப்பது?
- புதுச்சேரி வாசகர்

எஸ்.ஐ.பி.யைச் சம்பளம் ஏறும் தேதிக்கு மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ வையுங்கள். மாதக் கடைசிக்கு வைத்தால் கணக்கில் பணம் இருக்காது, தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். முதல் மூன்று மாதம் அந்தப் பணத்தை ஆர்.டி.யில் போட்டு அவசர நிதியைத் தொடங்கிவிட்டு, நான்காம் மாதம் ஃபண்டுக்குத் திரும்பினால் இன்னும் நல்லது.

கார்டு இல்லாமல் முடியும் என்றால் மூடுங்கள். பாக்கியில்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஆர்.பி.ஐ. 2022இல் விதித்திருக்கிறது. தொலைபேசியில் சொல்லி விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள், தேதி பதிவாகட்டும். மூடும் முன் ரிவார்டு புள்ளிகளை எடுத்துவிடுங்கள். அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஓ.டி.டி. சந்தா, காப்பீட்டு பிரீமியம் இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். முக்கியமாக மருத்துவக் காப்பீடு.

வைத்துக்கொள்வதானால் செயலியில் ஆட்டோ டெபிட் பகுதியைத் திறந்து பாருங்கள். 'மினிமம் அமவுண்ட் டியூ', 'டோட்டல் அமவுண்ட் டியூ' என்று இரண்டு தேர்வு இருக்கும். கார்டு வாங்கிய நாளில் யாரோ முதலாவதைத் தட்டிவிட்டிருக்கலாம். இரண்டாவதற்கு மாற்றிவிட்டு, மாறியதா என்று அடுத்த பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.